ஃபிர்போ மார்பெரி: ஆட்டத்தின் நடுவே வந்தவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பாலின் பழைய வரலாற்றைப் பேச நேரும்போதெல்லாம் நான் ஃபிரெட் மார்பெரியின் பெயரைச் சொல்வதுண்டு. உடனே ஒரே வகைச் சந்தேகங்கள் வரிசையாக எழும். கிரிக்கெட் மட்டும் அறிந்தவர்கள் கேட்பவை, அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்து ஆட்டம் பார்த்தவர்கள் கேட்பவை, புள்ளிவிவரங்களை நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் கேட்பவை என அவற்றை எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி அடுக்கியிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை மறு பதிலில் திரும்பச் சொல்லவில்லை. தேவைப்பட்ட இடத்தில் முந்தைய பதிலைச் சுட்டியிருக்கிறேன்.

இந்த மார்பெரி யார்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

ஃபிரெட் மார்பெரி 1898 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்ட்ரீட்மன் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1923 ஆகஸ்டில் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காக முதன்முதலாக மேஜர் லீகில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உயர்மட்டப் போட்டியில், ஆடினார். 1936இல் அதே அணியில் கடைசி ஆட்டத்தை ஆடினார். இடையில் டெட்ராய்ட் டைகர்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆகிய அணிகளிலும் இருந்தார். மொத்தம் 551 ஆட்டங்களில் பந்து வீசி 148 வெற்றிகளும் 88 தோல்விகளும் தம் கணக்கில் பெற்றார்.

இந்த எண்களை வைத்து மட்டும் பார்த்தால் அவர் நல்லதொரு பிட்சர் (பந்து வீசுபவர்), அவ்வளவுதான். அவரைத் தனித்து நிறுத்துவது வேறொன்று: அந்த 551 ஆட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் அவர் முதல் பந்தை வீசினார். மற்றவற்றில் எல்லாம் வேறொருவர் தொடங்கிவைத்த ஆட்டத்தின் நடுவிலோ முடிவிலோ வந்து வீசினார். 1920களில் திறமையான ஒரு பிட்சரை இப்படித் திட்டமிட்டுப் பயன்படுத்துவது ஏறக்குறைய யாரும் செய்யாத காரியம்.

ரிலீஃப் பிட்சர் என்றால் கிரிக்கெட்டில் யாருக்குச் சமம்?

சரியான இணை கிடையாது. டெத் ஓவர் வீசுபவரை ஒப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கிரிக்கெட்டில் ஒரு பந்து வீச்சாளர் ஐந்து ஓவர் வீசிவிட்டு ஓய்வெடுத்து, பத்து ஓவர் கழித்துத் திரும்ப வரலாம். பேஸ்பாலில் ஒரு முறை ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பிட்சர் அன்றைக்கு மீண்டும் களமிறங்க முடியாது. தொடக்க பிட்சர் களைத்துப்போனாலோ எதிரணி அவரை அடிக்கத் தொடங்கினாலோ மேலாளர் அவரை அனுப்பிவிட்டு இன்னொருவரை அழைக்கிறார். அப்படி அழைக்கப்படுபவரே ரிலீஃப் பிட்சர். ஆகவே மாற்றும் முடிவு ஒவ்வொன்றும் திரும்பப் பெற இயலாத முடிவு.

இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. அவர் வரும்போது தளங்களில், அதாவது ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய இடங்களில், எதிரணியின் ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார்கள். வேறொருவர் உண்டாக்கிய ஆபத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

அதற்கு முன்பு ரிலீஃப் பிட்சரே தேவைப்படவில்லையா?

குறைவாகவே தேவைப்பட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரே அதை முடித்துவைப்பதுதான் இயல்பு. நடுவில் வெளியேறுவது சற்று மானக்குறைவாகவே கருதப்பட்டது. பந்தும் அதற்கு ஒத்துழைத்தது. ஒரே பந்து அழுக்கேறி மென்மையாகும்வரை ஆட்டத்தில் இருக்கும். எச்சில் தடவி வீசுவது சட்டபூர்வமாக இருந்தது. நெடுந்தூர அடிகள் அரிது. ஆகவே பிட்சர் எல்லாப் பந்துகளையும் முழுப் பலத்தோடு வீசத் தேவையில்லை.

1920இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு எச்சில் பந்து தடை செய்யப்பட்டது, ஏற்கெனவே அதை நம்பிப் பிழைத்துவந்த 17 பேருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கிளீவ்லாந்தின் ரே சாப்மன் தலையில் பந்து தாக்கி இறந்தார். அழுக்கான பந்து கண்ணுக்குத் தெரியாதது ஒரு காரணம் என்ற கருத்து வலுத்ததால், புதிய வெள்ளைப் பந்துகள் அடிக்கடி ஆட்டத்துக்குள் வந்தன. நெடுந்தூர அடிகளுக்குப் பெயர்பெற்ற பேப் ரூத்தின் காலம் தொடங்கியது. ரன்கள் பெருகின, பிட்சர்கள் விரைவில் களைத்தார்கள், தொடங்கியவரே முடிக்கும் ஆட்டங்கள் 1920களின் நடுவில் சுமார் பாதியாகக் குறைந்தன. மீதிப் பாதியை யார் முடிப்பது என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை எவரிடமும் இல்லாத நேரத்தில்தான் மார்பெரி வந்தார்.

அப்படியானால் உலகின் முதல் ரிலீஃப் பிட்சர் இவர்தானா?

இல்லை. இந்தப் பட்டத்தை யாருக்கும் தயக்கமின்றிக் கொடுத்துவிட முடியாது. நியூயார்க் ஜயன்ட்ஸ் மேலாளர் ஜான் மெக்ரா 1908 முதல் 1913 வரை டாக் கிராண்டல் என்பவரைப் பெரும்பாலும் நடுவில் இறக்கினார். நோயுற்ற ஆட்டங்களுக்கு மருத்துவர் என்ற பொருளில் ‘டாக்’ என்ற பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. சிகாகோ கப்ஸின் மார்டகாய் பிரவுன் போன்ற தலைசிறந்த தொடக்க பிட்சர்களும் தம் ஓய்வு நாட்களில் வந்து முக்கிய ஆட்டங்களை முடித்துக் கொடுத்தார்கள். வாஷிங்டனிலேயே 1923இல், அதாவது மார்பெரி வந்துசேர்ந்த ஆண்டிலேயே, ஆலன் ரஸ்ஸல் என்ற எச்சில் பந்துக்காரர் பெரும்பாலும் ரிலீஃபாக 52 ஆட்டங்களில் வீசியிருந்தார்.

வேறுபாடு இதுதான்: கிராண்டல் தொடக்க ஆட்டங்களும் ஆடினார், மட்டையும் நன்றாகப் பிடிப்பார், பிரவுனுக்கு இது பகுதிநேர வேலை. மார்பெரியோ இளைஞர், வேகம் மிகுந்தவர், எந்த அணியிலும் தொடக்க பிட்சராக இருக்கத் தகுந்தவர். அத்தகைய ஒருவரை வேண்டுமென்றே பின்னால் நிறுத்திவைத்து, ஆட்டம் இழுபறியாகும் நேரத்துக்காகக் காத்திருக்கச் செய்தது வாஷிங்டன். முழுநேர ரிலீஃப் பிட்சர்களில் முதல் பெரிய ஆட்டக்காரர் என்று அவரைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். முதல்வர் என்று மட்டும் சொன்னால் கிராண்டல் கோபித்துக்கொள்வார்.

‘ஃபிர்போ’ என்பது இத்தாலியப் பெயரா? அவர் டெக்சாஸ்காரர் என்றீர்களே.

அது பட்டப்பெயர். அர்ஜென்டினாவின் கனரகக் குத்துச்சண்டை வீரர் லூயிஸ் ஏஞ்சல் ஃபிர்போ 1923 செப்டம்பர் 14 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் உலகச் சாம்பியன் ஜாக் டெம்ப்சியுடன் மோதினார். முதல் சுற்றில் டெம்ப்சியைக் கயிறுகளுக்கு வெளியே தூக்கி எறிந்தார், இரண்டாம் சுற்றில் தோற்றார். அமெரிக்கா முழுவதும் அந்தப் பெயர் ஒலித்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் மார்பெரி வாஷிங்டனுக்கு வந்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், பரந்த உடல், கடுகடுத்த முகம். ஒற்றுமை கண்டவர்கள் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனாலும் வரலாற்று ஏடுகளில் ஃபிரெட் மறைந்து ஃபிர்போவே நிலைத்துவிட்டார்.

அவர் எப்படி வீசுவார்?

முக்கியமாக வேகம். ஆட்டம் முழுவதும் பலத்தைச் சேமித்து வீச வேண்டிய கட்டாயம் இல்லாததால், வந்த கணத்திலிருந்தே முழு வேகத்தோடு வீசலாம். காலை உயரத் தூக்கி, பிட்சர் நின்று வீசும் மேட்டு மண்ணை உதைத்து, மட்டையாளரை முறைத்துப் பார்த்து வீசுவார் என்று அவரது தோற்றத்தை அக்காலத்தினர் வர்ணித்திருக்கிறார்கள். பேஸ்பாலில் இரு அணிகளும் ஒவ்வொரு முறை மட்டை பிடிக்கும் சுற்றே இன்னிங்ஸ்; ஓர் ஆட்டத்துக்கு இயல்பாக ஒன்பது. ஏழு இன்னிங்ஸ் மெதுவான வளைபந்துகளைப் பார்த்துப் பழகிய மட்டையாளருக்கு, எட்டாவதில் இப்படியொருவர் வந்து நின்றால் எப்படி இருந்திருக்கும் என்பதை யூகிக்கலாம்.

1924இல் அவருக்கு 11 வெற்றி, 12 தோல்வி. தோல்வியே அதிகம். அதை ஏன் பெரிய ஆண்டு என்கிறார்கள்?

பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சர் ஒருவர் பெயரில் எழுதும் முறை தொடக்க பிட்சர்களுக்காக உருவானது. சமநிலையில் ஆட்டத்துக்குள் வரும் ஒருவர் ஒரே ஒரு ரன் விட்டுக்கொடுத்தாலும் தோல்வி அவர் பெயரில் ஏறும். மாறாக, முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுத்தால் வெற்றி பெரும்பாலும் முன்னவர் பெயரில் போகும். நட்டம் மட்டும் எழுதப்பட்டு இலாபம் எழுதப்படாத கணக்குப் புத்தகம் அது.

அந்த ஆண்டு அவர் 50 ஆட்டங்களில் வீசினார்; அவற்றில் 14 மட்டுமே தொடக்க ஆட்டங்கள். 195 இன்னிங்ஸுக்கு மேல் வீசியும், ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த சராசரி ரன் 3.09, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் பொதுச் சராசரியோ 4க்கு மேல். வாஷிங்டன் 92 வெற்றிகளோடு, நியூயார்க் யாங்கீஸை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்தி முதன்முறையாக லீகை வென்றது. இரண்டு ஆட்ட வித்தியாசத்தை மார்பெரி ஒருவரே உண்டாக்கினார் என்று நிறுவ முடியாது. ஆனால் அவர் இல்லாமல் அந்த வித்தியாசம் இருந்திருக்கும் என்று வாதிடுவது அதைவிடக் கடினம்.

அந்த ஆண்டின் உலகத் தொடரில் என்ன நடந்தது?

அந்த இரு பிரிவுகளையும் வென்ற அணிகள் மோதும் இறுதித் தொடர் அது. மெக்ராவின் ஜயன்ட்ஸ் அணியோடு ஏழு ஆட்டங்கள். மார்பெரி நான்கில் வீசினார். மூன்றாம் ஆட்டத்தைத் தொடங்கி அதில் தோற்றார், மற்றவற்றில் நடுவில் வந்தார். தொடர் முழுவதிலும் அவரது சராசரி 1.13.

அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில் நடந்த ஏழாம் ஆட்டம் தனியாகச் சொல்லத் தக்கது. வாஷிங்டனின் மேலாளர் பக்கி ஹாரிஸுக்கு அப்போது வயது 27தான். அவரே இரண்டாம் தளத்தில் ஆடவும் செய்தார். எதிரணியில் பில் டெர்ரி என்ற இடக்கை மட்டையாளர் அவரை அச்சுறுத்திக்கொண்டிருந்தார்; இடக்கை மட்டையாளருக்கு இடக்கைப் பிட்சரை எதிர்கொள்வது கடினம் என்பதால், வலக்கைப் பிட்சர் தொடங்கினால்தான் மெக்ரா டெர்ரியை இறக்குவார். ஆகவே ஹாரிஸ் வலக்கையரான கர்லி ஆக்டனைத் தொடங்கவைத்து, இரண்டே மட்டையாளர்களுக்குப் பிறகு அவரை அனுப்பிவிட்டு, இடக்கையரான ஜார்ஜ் மாக்ரிட்ஜை அழைத்தார். ஆறாவது இன்னிங்ஸில் மெக்ரா பொறுமையிழந்து டெர்ரியை மாற்றினார்; மாற்றப்பட்டவர் திரும்ப வர முடியாது. அந்தக் கணத்துக்காகவே காத்திருந்த ஹாரிஸ் வலக்கையரான மார்பெரியை அழைத்தார்.

திட்டம் அழகானது; விளைவு உடனே அழகாக இல்லை. வாஷிங்டன் தடுப்பாளர்கள் இருவர் அடுத்தடுத்துப் பந்தைத் தவறவிட, 1–0 முன்னிலை 3–1 பின்னடைவானது. ஆயினும் மார்பெரி எட்டாவது முடியும்வரை அதற்கு மேல் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டாவதில் அவருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடித்தார். அந்த இன்னிங்ஸிலேயே ஹாரிஸ் அடித்த பந்து மூன்றாம் தளக்காரர் ஃபிரெடி லிண்ட்ஸ்ட்ராமின் தலைக்கு மேல் துள்ளிப்போக, ஆட்டம் சமமானது. ஒன்பதாவதில் வாஷிங்டனின் புகழ்பெற்ற மூத்த பிட்சர், 36 வயது வால்டர் ஜான்சன் வந்தார். பன்னிரண்டாவதில் இன்னொரு துள்ளல், அதே லிண்ட்ஸ்ட்ராமைத் தாண்டி, 4–3 என்று வெற்றி. நினைவில் நின்றவர் ஜான்சன். அது நியாயமும்தான்; ஆனால் நான்கு பிட்சர்களைச் சதுரங்கக் காய்களைப்போல் நகர்த்தி ஓர் இறுதி ஆட்டத்தை ஆடியது அன்றைக்குப் புதுமை. வாஷிங்டன் நகரம் அடுத்த உலகத் தொடர் வெற்றிக்கு 2019 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆட்டத்தின் முடிவில் மட்டும் வரும் இன்றைய குளோசர்களைப்போல் ஒரே ஓர் இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போவாரா?

இல்லை. மேலே சொன்ன ஏழாம் ஆட்டத்திலேயே மூன்று இன்னிங்ஸ் வீசினார் என்பதைக் கவனியுங்கள். ஆறாவதில் வந்தால் முடிவுவரை நிற்க வேண்டும். ஒரே மட்டையாளருக்காக அழைக்கப்பட்டாலும் போக வேண்டும். அணியில் ஒருவருக்கு உடல்நலமில்லை என்றால் மறுநாள் தொடக்க பிட்சராகவும் இறங்க வேண்டும். முன்னிலையில் இருக்கும்போது மட்டுமின்றிச் சமநிலையிலும், சில நேரம் பின்தங்கியிருக்கும்போதும் ஹாரிஸ் அவரை அழைத்தார்.

1925இல் மட்டும் அவர் ஒரு முறைகூட ஆட்டத்தைத் தொடங்கவில்லை. 55 ஆட்டங்கள், அனைத்தும் ரிலீஃபாக. ஒரு பருவத்தில் 50 முறைக்கு மேல் ரிலீஃபாக வந்த முதல் பிட்சர் அவரே. 1926இல் 64 ஆட்டங்களில் 59 முறை நடுவில் வந்தார், மொத்தம் 138 இன்னிங்ஸ். இன்று ஒரு குளோசர் எழுபது இன்னிங்ஸைத் தொட்டாலே அதிகம்.

1925 உலகத் தொடரில் ‘பந்தைப் பிடித்தாரா இல்லையா’ என்று ஒரு சர்ச்சை இருந்ததாமே. அதில் இவருக்கு என்ன தொடர்பு?

அந்தப் பந்தை வீசியவர் அவர்தான். பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு எதிரான மூன்றாம் ஆட்டம். வாஷிங்டன் 4–3 என்று முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் மார்பெரி உள்ளே வந்திருந்தார். முதல் இருவரையும் ஆட்டமிழக்கச் செய்தபின், எர்ல் ஸ்மித் அடித்த பந்து வலப்புறத் தற்காலிக இருக்கைகளை நோக்கிப் பறந்தது. சாம் ரைஸ் ஓடிப்போய்த் தாவிப் பிடித்து, பார்வையாளர்களுக்குள் விழுந்து மறைந்தார். சிறிது நேரம் கழித்துக் கையில் பந்தோடு எழுந்தார். நடுவர் ஆட்டமிழப்பு என்றார், பிட்ஸ்பர்க் கொதித்தது.

ரைஸ் வாழ்நாள் முழுவதும் நேரடி விடை சொல்லவில்லை. தாம் இறந்த பிறகு திறக்குமாறு ஒரு கடிதத்தை எழுதிவைத்தார்; 1974இல் அவர் மறைந்தபின் அது திறக்கப்பட்டது. பந்து ஒரு கணமும் தம் கையைவிட்டு நழுவவில்லை என்று அதில் இருந்தது. மார்பெரி ஒன்பதாவதையும் வீசி அந்த ஆட்டத்தை முடித்தார். அந்தப் பந்து ஹோம் ரன்னாக (எல்லைக்கு வெளியே பறந்து ரன் தரும் அடியாக) ஆகியிருந்தால் ஆட்டம் சமமாகியிருக்கும்.

அதே தொடரின் கடைசி ஆட்டத்தில் அவரை ஏன் இறக்கவில்லை?

என் கருத்தில் மார்பெரியின் வாழ்க்கையிலேயே சுவையான கேள்வி இது. அவர் ஒரு பந்துகூட வீசாத ஆட்டத்தைப் பற்றியது என்பதுதான் வேடிக்கை. 1925 அக்டோபர் 15, பிட்ஸ்பர்க், கொட்டும் மழை, சேறு. வாஷிங்டன் முதல் இன்னிங்ஸிலேயே நான்கு ரன் எடுத்தது. வால்டர் ஜான்சன் தொடங்கினார். எதிரணி அவரை 15 முறை பாதுகாப்பாக அடித்தும் ஹாரிஸ் அவரை மாற்றவில்லை. எட்டாவதில் கிகி கைலரின் அடியில் இரண்டு ரன்கள் வர, 9–7 என்று பிட்ஸ்பர்க் வென்றது. ஈராண்டுகளாக இத்தகைய தருணங்களுக்கென்றே பேணப்பட்ட மார்பெரி, அந்தத் தருணம் வந்தபோது உட்கார்ந்தே இருந்தார்.

லீகின் தலைவர் பான் ஜான்சன், உணர்ச்சிக்கு இடங்கொடுத்து ஆட்டத்தைத் தோற்றுவிட்டீர்கள் என்ற பொருளில் ஹாரிஸுக்குத் தந்தி அடித்தார். தம்மிடமிருந்த சிறந்த பிட்சரோடுதான் நின்றதாக ஹாரிஸ் வாதிட்டார். வால்டர் ஜான்சனுக்குப் பின்னால் பீல்டிங்கும் மோசமாக இருந்தது என்பது உண்மை. ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையில் நிற்கும் தடுப்பாளர், ராஜர் பெக்கின்பா அந்தத் தொடரில் எட்டுப் பிழைகள் செய்தார். ஆயினும் ரிலீஃப் பிட்சர் என்ற எண்ணத்தை எவரைவிடவும் அதிகம் நம்பிய மேலாளரே, மதிப்புக்குரிய ஒரு முதியவர் மேட்டில் நின்றபோது அந்த நம்பிக்கையைக் கைவிட்டார். புதிய வழக்கம் ஒன்று வேரூன்ற எத்தனை காலம் பிடிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1926இல் 22 ‘சேவ்’ எடுத்துச் சாதனை படைத்தார் என்று படித்தேன். அப்போது பத்திரிகைகள் கொண்டாடினவா?

கொண்டாடியிருக்க வாய்ப்பே இல்லை, ஏனெனில் ‘சேவ்’ என்ற கணக்கு அப்போது பிறக்கவேயில்லை. முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சருக்குத் தரப்படும் மதிப்பு அது. சிகாகோ விளையாட்டு எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் 1960ஐ ஒட்டி அதை வகுத்துப் பரப்பினார். பிட்ஸ்பர்க்கின் எல்ராய் ஃபேஸ் 1959இல் ரிலீஃபாக வந்தே 18 வெற்றி, 1 தோல்வி என்று முடித்தார். அவற்றில் சில வெற்றிகள், அவர் முன்னிலையைக் கோட்டைவிட்ட பிறகு அணி திரும்ப அடித்துக்கொடுத்தவை. வெற்றிக் கணக்கு ரிலீஃப் பிட்சருக்குப் பொருந்தாது என்பதற்கு அது மறுபக்கச் சான்று. 1924 பற்றிய பதிலில் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். 1969இல்தான் சேவ் அதிகாரபூர்வமானது.

பின்னர் ஆய்வாளர்கள் பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் புரட்டிக் கணக்கிட்டபோதுதான், மார்பெரி 1924, 1925, 1926, 1929, 1932 ஆகிய ஐந்து ஆண்டுகளில் அமெரிக்கன் லீகில் முதலிடம் பெற்றிருந்தது வெளிவந்தது. அப்போது அவர் முதுமையில் இருந்தார்.

ஓரிடத்தில் மொத்தம் 101 சேவ் என்றும், இன்னோரிடத்தில் 99 என்றும் இருக்கிறது. எது சரி?

முன்பு அச்சான கணக்குகளில் 101 இருந்தது. பழைய பதிவுகள் மீண்டும் சரிபார்க்கப்பட்டபின் இன்று பரவலாகக் காட்டப்படும் எண் 99. யார் எந்த ஆட்டத்தை முடித்தார், வெற்றி யார் பெயருக்கு உரியது என்பன சில ஆட்டங்களில் திருத்தப்பட்டால் மொத்தமும் மாறும். மேலும், பழைய ஆட்டங்களுக்குப் பயன்படுத்தப்படும் விதியில் முன்னிலை எத்தனை ரன் என்பது பொருட்டில்லை. இன்றைய விதியில் அது முக்கியம். ஆகவே 100ஐத் தொட்ட முதல் பிட்சர் என்று அவரைப் பற்றி எழுதியிருப்பதைக் கண்டால், அது பழைய கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கிலும், 1926இன் 22 என்ற எண் ஒரு பருவத்துக்குரிய உச்சமாக 23 ஆண்டுகள் நின்றது.

இவ்வளவு சிறந்த ரிலீஃப் பிட்சரைப் பிறகு ஏன் தொடக்க பிட்சராக மாற்றினார்கள்?

மதிப்பு அங்கேதான் இருந்தது என்பதால். 1928க்குப் பிறகு ஹாரிஸ் டெட்ராய்ட்டுக்குப் போனார். வால்டர் ஜான்சனே வாஷிங்டனின் மேலாளரானார். 1929இல் ஜான்சன் மார்பெரியை 26 ஆட்டங்களில் தொடங்கவைத்தார், மேலும் 23 முறை நடுவில் இறக்கினார். விளைவு 250 இன்னிங்ஸ், 19 வெற்றி, 12 தோல்வி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 15–5, 16–4. ‘ரிலீஃபுக்குப் போனவர்கள் தொடங்கத் தகுதியில்லாதவர்கள்’ என்ற எண்ணத்துக்கு இந்த மூன்றாண்டுகள் போதுமான மறுப்பு.

தொடக்க பிட்சராகவே இருந்திருந்தால் 200 வெற்றிகளைத் தாண்டியிருப்பாரா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எண்ணிப் பார்க்கலாம், நிறுவ முடியாது. ஆனால் அவரது ஆற்றல் மிகுந்த ஆண்டுகள், 25 முதல் 29 வயது வரை, பெரும்பாலும் பெயர் எழுதப்படாத வேலையில் கழிந்தன என்பது உறுதி.

அவரை வாஷிங்டன் விற்றுவிட்டதா?

மாற்றிக்கொண்டது. 1932 டிசம்பரில் மார்பெரியையும் கார்ல் ஃபிஷரையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து ஏர்ல் வைட்ஹில் என்ற இடக்கைப் பிட்சரை வாங்கியது. வாஷிங்டனுக்கு அது நல்ல பேரம்: வைட்ஹில் 1933இல் 22 ஆட்டங்களை வென்றார், அணியும் லீகை வென்றது. மார்பெரியின் பழைய வேலையை ஜாக் ரஸ்ஸல் என்பவர் திறமையாகச் செய்தார். ஆள் போனாலும் அந்தப் பதவி அந்த அணியில் தங்கிவிட்டது.

டெட்ராய்ட்டில் அவரை வரவேற்ற மேலாளர் யார் தெரியுமா? பக்கி ஹாரிஸ்தான். ஆனால் ரிலீஃப் பிட்சராக அவரை உருவாக்கிய அதே ஹாரிஸ், இம்முறை பெரும்பாலும் தொடக்க பிட்சராகவே பயன்படுத்தினார், 16–11. அடுத்த ஆண்டு மிக்கி காக்ரேன் தலைமையில் 15–5. டெட்ராய்ட் லீகை வென்று உலகத் தொடரில் செயின்ட் லூயிஸிடம் தோற்றது. அந்தத் தொடரில் மார்பெரிக்குக் கிடைத்த இரண்டு சிறு வாய்ப்புகளும் சரியாக அமையவில்லை.

ஆட்டக்காரராக இருந்தவர் திடீரென்று நடுவரானாராமே? உண்மையா?

உண்மை. 1935இல் ஐந்து ஆட்டங்களுக்குப் பிறகு டெட்ராய்ட் அவரை விடுவித்தது. அதே பருவத்தில் அமெரிக்கன் லீகில் நடுவராகப் பணியாற்றினார். டெட்ராய்ட் அந்த ஆண்டு உலகத் தொடரையே வென்றது. நடுவர் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. 1936இல் மீண்டும் பந்தைக் கையில் எடுத்து ஜயன்ட்ஸுக்கு ஓர் ஆட்டம், பிறகு வாஷிங்டனுக்குச் சில ஆட்டங்கள் ஆடினார். அப்போது வாஷிங்டன் மேலாளராகத் திரும்பியிருந்தவரும் ஹாரிஸ்தான்.

அதன் பிறகு?

சொந்த மாநிலமான டெக்சாஸுக்குத் திரும்பினார். அங்கே சிறு லீகுகளில் மேலும் சில ஆண்டுகள் வீசினார். 1949இல் ஒரு கார் விபத்தில் இடக்கையை இழந்தார். வீசும் கை தப்பியது. 1976 ஜூன் 30 அன்று மெக்சியா நகரில் காலமானார்.

மரியானோ ரிவேராவோடு ஒப்பிட்டால் இவர் எந்த இடத்தில் நிற்பார்? ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறாரா?

பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. யாங்கீஸின் குளோசராக இருந்த ரிவேராவின் 652 சேவ்களை மார்பெரியின் 99க்குப் பக்கத்தில் வைப்பது, லாரிக்காரரையும் தபால்காரரையும் சுமந்த எடையை வைத்து ஒப்பிடுவதைப் போன்றது. ரிவேராவின் காலத்தில் மேலாளர்கள் சேவ் விதிக்கு ஏற்பவே குளோசரை இறக்கினார்கள். மார்பெரியின் காலத்தில் அப்படியொரு விதி இல்லை என்பதையும், அவருடைய வேலையின் அளவையும் முன்பே சொன்னேன். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: 1947 வரை கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மேஜர் லீகின் கதவு மூடியிருந்தது. ஆகவே அக்காலத்து எண்கள் எவருடையவை ஆனாலும், நாட்டின் எல்லாத் திறமைகளையும் எதிர்கொண்டு பெற்றவை அல்ல.

ஒப்பிட வேண்டுமானால் அவர் காலத்தவரோடு ஒப்பிடலாம். 1927 யாங்கீஸின் வில்சி மூர், 30 வயதுப் புதுமுகம், 50 ஆட்டங்களில் 19–7 என்று வியப்பூட்டினார். ஆனால் அந்த உயரத்தை அவரால் மீண்டும் தொட முடியவில்லை. மார்பெரியோ அமெரிக்கன் லீகில் அதிக ஆட்டங்களில் வீசியவர் என்ற இடத்தை ஆறு ஆண்டுகள் பெற்றார். முதலாவது 1924இல், கடைசியானது 1932இல்.

அவரது 22 என்ற சாதனையை யார் முறியடித்தார்?

நியூயார்க் யாங்கீஸின் ஜோ பேஜ், 1949இல், 27 சேவ்களோடு. மார்பெரி கையை இழந்த ஆண்டும் அதுவே. அப்படியொரு சாதனை தம் பெயரில் இருந்ததோ, அது போனதோ அன்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பேஜ் 1949இல் ஆடியது கேசி ஸ்டெங்கலின் கீழ். ஆனால் தொடக்க பிட்சராகத் தடுமாறிக்கொண்டிருந்த பேஜை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முதன்மை ரிலீஃப் பிட்சராக மாற்றியவர் வேறொரு மேலாளர். அந்த 1947 உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்திலும் அவர் பேஜை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே அழைத்தார். பேஜ் கடைசிவரை நின்று ஆட்டத்தை முடித்தார், யாங்கீஸ் வென்றது. அந்த மேலாளருக்கு அப்போது ஐம்பது வயது. பெயர் பக்கி ஹாரிஸ்.